டுவேனின் கையெழுத்து

அத்தியாயம் 9

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் டுவேன் ஒரு மீன் வரைந்து அனுப்பியிருந்தான்.

கண், செதில், வால் எல்லாம் இருந்தன. பக்கத்தில் ஒழுங்காகத் தேதியும் போட்டிருந்தான்.

நடீன் படிவத்தைச் சமையலறை மேஜையில் வைத்துப் பார்த்தாள். காலை ஏழு மணி. காபி இன்னும் இறங்கவில்லை.

"சிரிப்பு வருதா உனக்கு?" என்றாள் மகளிடம்.

டெஸ்ஸா சிரிக்கவில்லை. ஆனால் அது ஏற்கெனவே சிரித்து முடித்த முகம்.

"அப்பா குடுத்தாரு, கொண்டு வந்தேன். நான் வெறும் தபால்காரி. என்கிட்ட ஏன் எரிஞ்சு விழறே?"

"மூணு வாரமா கேக்கறேன். ஒரே ஒரு கையெழுத்து. அதுக்கு மீன் படமா?"

"பின்பக்கம் பாரு. என்னமோ எழுதியிருக்காரு."

நடீன் திருப்பினாள். 'முழுக் கடனையும் நீயே எடுத்துக்கோ. அடுத்த நிமிஷம் போடறேன்.'

இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான ஆறாம் நாள், டுவேனும் நடீனும் தங்கள் கல்லூரிக் கடன்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். கணவன் மனைவிக்கு அப்போது அப்படி ஒரு வசதி இருந்தது. ஒரே தவணை, கொஞ்சம் குறைந்த வட்டி. டுவேனுடையது நாற்பத்தோராயிரம் டாலர். முதுகெலும்பு வைத்தியம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டது. நடீனுடையது பதினேழாயிரம், நுண்ணுயிரியல், முழுதாக முடித்தது. படிவத்தைத் தபாலில் போட்டுவிட்டு இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள்.

சில வருடங்களில் அரசாங்கம் அந்த வசதியை நிறுத்திவிட்டது. ஆனால் ஏற்கெனவே சேர்த்தவர்கள் சேர்த்தபடியே மாட்டிக்கொண்டார்கள். விவாகரத்தின்போது நீதிபதி வீட்டைப் பிரித்தார், படகைப் பிரித்தார், நாயைக்கூட வாரம் மாற்றி வாரம் என்று பிரித்தார். கடனைப் பிரிக்க அவரால் முடியவில்லை. ஆளுக்குப் பாதி கட்டுங்கள் என்று தீர்ப்பில் எழுதினார். கடன் அலுவலகத்துக்கு அந்தத் தீர்ப்போடு சம்பந்தமில்லை. யாராவது கட்டினால் சரி. கட்டாவிட்டால் இருவர் பெயரும் கெடும்.

டுவேன் முதல் மாதமே கட்டவில்லை. பதினொரு வருடமாக மாதம் நானூற்றுப் பத்து டாலர் நடீன் ஒருத்திதான் கட்டுகிறாள். வட்டி தின்றது போக இன்னும் நாற்பத்தாறாயிரம் பாக்கி.

இத்தனைக்கும் அவளுக்குத் தள்ளுபடி உண்டு. பொது வேலையில் இருந்துகொண்டு பத்து வருடம், நூற்றிருபது தவணை கட்டியவருக்கு மீதியை அரசாங்கம் விட்டுக்கொடுக்கும். ஓட்டர் பே நகராட்சியின் தண்ணீர் ஆய்வகத்தில் அவளுக்கு இது பதினாலாவது வருடம். ஆனால் தள்ளுபடி தனிக்கடனுக்குத்தான், இப்படி ஒட்டிப் போட்ட கடனுக்கு இல்லை. இப்போது புதிய சட்டம் ஒன்று பழைய ஜோடிக் கடனைப் பிரித்துக்கொள்ள அனுமதிக்கிறது. பழைய தவணைகளும் எண்ணிக்கையில் சேரும். ஒரே நிபந்தனை, இருவரும் படிவம் போட வேண்டும்.

சென்ற வாரம் வந்த கடிதம் இதற்கு ஒரு கெடு வைத்துவிட்டது. ஜூலை முதல் தேதி ஆய்வகம் தனியார் கம்பெனியிடம் போகிறது. அதே மேஜை, அதே மைக்ராஸ்கோப், அதே நடீன். ஆனால் சம்பளம் கொடுப்பவர் வேறு. தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவள் பொது வேலையில் இருந்தாக வேண்டும். அதற்குள் கடன் பிரிந்தாக வேண்டும். பிரிக்க மூன்று மாதம் பிடிக்கும்.

இது மார்ச்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கத்தக்கூடாது" என்றாள் டெஸ்ஸா.

"கத்துவேன். கேளு."

"உன் பங்கு தள்ளுபடி ஆகப் போகுது. மொத்தத்தையும் உன் பங்குன்னு எழுதிக்கிட்டா மொத்தமும் தள்ளுபடிதானே? அப்பா சொல்றதுல என்ன தப்பு?"

"பங்கை அப்படி மாத்தணும்னா கோர்ட்டுக்குப் போய்ப் புது ஒப்பந்தம் எழுதணும். அது ரெண்டு மாசம். அப்புறம் பிரிக்க மூணு மாசம். ஜூன் தாண்டிடும். தாண்டினா?"

டெஸ்ஸா விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.

"நாப்பத்தாறாயிரமும் என் தலையில. தள்ளுபடியும் கிடையாது. உங்கப்பன் பேரு ஒரு காகிதத்துலயும் இருக்காது. படகுல கால் நீட்டிப் படுத்துக்கிட்டு பீர் குடிப்பான்."

"அப்பன்னு சொல்லாதே."

"சரி. உங்கப்பா. மரியாதையா பீர் குடிப்பார்."

டெஸ்ஸா கார் சாவியை எடுத்துக்கொண்டாள். அவள் வேலை பார்ப்பது அப்பாவின் படகு எஞ்சின் கடையில், சாப்பிட்டுத் தூங்குவது அம்மா வீட்டில். இரண்டு இடத்திலும் அவளுக்கு எதிரிக் கட்சி என்றுதான் பெயர்.

"உங்க ரெண்டு பேர் கடனுக்கு நான் ஏன் சாகணும்?" என்றாள். கதவு படீரென்று மூடியது.

*

மதிய இடைவேளையில் நடீன் கடன் அலுவலகத்துக்கு போன் செய்தாள். இருபத்தாறு நிமிடம் இசை கேட்டாள். பிறகு ஒரு பையன் குரல் வந்தது.

"இன்னொருத்தர் படிவம் வராம பிரிக்க முடியாது மேடம். அவரைத் தொடர்பு கொள்ளவே முடியலைன்னா நீங்க மட்டும் தனியா போடலாம்."

"தொடர்பு கொள்ள முடியுது. பதினோரு தெரு தள்ளித்தான் இருக்கான்."

"அவரால உங்களுக்கு அடி, மிரட்டல், பணக் கொடுமை ஏதாவது இருந்திருந்தாலும் தனியா போடலாம். உண்மைதான்னு உறுதிமொழி குடுக்கணும்."

நடீன் யோசித்தாள். டுவேன் அடித்ததில்லை. மிரட்டியதில்லை. கட்டவில்லை, அவ்வளவுதான். அதற்குக் கொடுமை என்று பெயர் வைத்து உறுதிமொழி கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"முட்டாளைக் கட்டிக்கிட்டதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா தம்பி, டிக் போட?"

"அப்படி எதுவும் இல்லை மேடம்" என்றான் அவன், நிஜமாகவே தேடிப் பார்த்தவன் போல.

அவள் புதிய படிவம் ஒன்றை அச்செடுத்தாள். தன் படிவத்தோடு சேர்த்துக் கைப்பையில் வைத்தாள். இன்று வெள்ளிக்கிழமை. டுவேன் எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்து அவனால் நகர முடியாது என்பதும் தெரியும்.

*

கடையில் அப்போது டெஸ்ஸா தனியாக இருந்தாள். டுவேன் தேவாலயத்துக்கு எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு போயிருந்தான்.

கேண்டிஸ் உள்ளே வந்தாள். டுவேனின் இரண்டாவது மனைவி. பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"உங்கம்மா மறுபடியும் என்னமோ காகிதம் அனுப்பினாங்களாமே?"

"ஆமா."

"அவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாதா?"

காலையிலிருந்து டெஸ்ஸாவுக்கு எரிந்துகொண்டிருந்தது. "நீங்க என்ன குடுத்தீங்க?"

"மாசம் இருநூறு டாலர். கல்யாணமான மாசத்துல இருந்து. சம்பளம் வந்ததும் எடுத்து உங்கப்பா கைல குடுக்கறேன். கடன்ல அவர் பாதிக்கு."

"அம்மாவுக்கு யாரும் ஒரு டாலர் குடுத்ததில்ல."

"உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"நான் அந்த வீட்டுலதான் இருக்கேன் கேண்டிஸ். மாசம் பிறந்தா நானூத்திப் பத்து போகும். உள்ள எதுவும் வராது. அன்னிக்கு ராத்திரி எங்களுக்கு முட்டைதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று டெஸ்ஸாவுக்குப் புரிந்தது.

கேண்டிஸ் மேஜைமேல் இருந்த கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். ஒன்பது வருடம். பன்னிரண்டு மாதம். இருநூறு. கடைசிப் பொத்தானை அழுத்தினாள்.

இருபத்தோராயிரத்து அறுநூறு.

"அவர் எங்க?" என்றாள்.

"மீன் பொரிக்கப் போயிருக்காரு."

*

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமைகளில், ஓட்டர் பேயில் யாரும் வீட்டில் சமைப்பதில்லை. தேவாலய ஹாலில் மீன் போடுவார்கள். வேலை செய்கிறவர்களின் பட்டியல் சமையலறைச் சுவரில் தொங்கும். டுவேன், எண்ணெய்ச் சட்டி. நடீன், முட்டைக்கோஸ் சாலட். கல்யாணமான புதிதில் எழுதிய பட்டியல். விவாகரத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. மாற்றச் சொல்கிறவர் தோற்றவர் ஆகிவிடுவார் என்பதால் இருவருமே வாய் திறக்கவில்லை.

எண்ணெய்ச் சட்டிகள் ஹாலின் பின்பக்கம், தார்ப்பாய்க்குக் கீழே இருந்தன. ஏரியிலிருந்து குளிர்காற்று அடித்தது. நாலரை மணிக்கு நடீன் அங்கே போனாள். டுவேன் ஏப்ரன் கட்டிக்கொண்டு, மாவில் தோய்த்த மீனை ஒவ்வொன்றாக எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க மகாராணி. படம் எப்படி இருந்தது?"

"வால் கோணல். இந்தா, புதுப் படிவம். பேனாவும் இருக்கு."

"கை எல்லாம் மாவு."

"துடை. நான் நிக்கறேன்."

"நில்லு. உனக்கு நின்னு பழக்கம்தானே." அவன் அடுத்த மீனை விட்டான். எண்ணெய் சீறியது. "பிரிச்சா உன் பங்கு எவ்வளவு? பதிமூவாயிரத்து ஐநூறு. அது தள்ளுபடியில போயிடும். என் பங்கு முப்பத்திரெண்டாயிரத்து ஐநூறு. அது என் கழுத்துல தொங்கும். என் வேலைக்குத் தள்ளுபடியும் கிடையாது. ஐம்பத்துமூணு வயசுல நானே போய்த் தலையைக் குடுக்கணுமா?"

"அது உன் படிப்புக்கு வாங்கின கடன்."

"முடிக்காத படிப்பு."

"பாதி மீனைத் தின்னுட்டுப் பாதிக் காசு குடுன்னா இங்க விடுவாங்களா?"

மாவு கரைத்துக்கொண்டிருந்தவர் குனிந்துகொண்டு சிரித்தார். டுவேனின் காது சிவந்தது.

"அதான் வழி சொல்லிட்டேனே. மொத்தத்தையும் நீ எடுத்துக்கோ. அரசாங்கம் மன்னிச்சிடும். எல்லாருக்கும் சந்தோஷம்."

"ஜூன் தாண்டினா?"

"தாண்டாது."

"தாண்டினா, டுவேன்?"

"தாண்டினா கட்டு. இத்தனை வருஷம் கட்டலையா? என்ன குறைஞ்சு போச்சு உனக்கு? வீடு இருக்கு, கார் இருக்கு. நல்லா சாப்பிடறேன்னு பாத்தாலே தெரியுது."

நடீன் ஒரு அடி கிட்டே போனாள். "அடுத்த மாசத்துல இருந்து நானும் கட்டலைன்னு வை. ரெண்டு பேர் பேரும் நாறும். கடைக்கு நீ கேட்டிருக்கற லோன் என்ன ஆகும்?"

அவன் கரண்டியை எண்ணெய்க்கு மேல் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவசரமே இல்லாத பார்வை.

"நீ கட்டாம இருக்க மாட்டே. ஒரு தவணை தவறினா உனக்குத் தூக்கம் வராது. பதினோரு வருஷமா அதை நம்பித்தான் நான் நிம்மதியா தூங்கறேன்."

அது உண்மை. அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மீன் ஆறுது பாரு" என்றான் டுவேன் பக்கத்து ஆளிடம். அவளிடம் பேசி முடித்தாகிவிட்டது என்று அதற்குப் பொருள்.

*

ஹாலில் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. நடீன் சின்னக் கிண்ணங்களில் முட்டைக்கோஸ் சாலட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். கை தானாக வேலை செய்தது. சட்டப்படி, கோர்ட்படி, புத்திப்படி எல்லா வழியையும் மறுபடி யோசித்தாள். எல்லாம் டுவேனின் விரலில் போய் முடிந்தது.

ஐந்து மணிக்குக் கேண்டிஸ் வருவது தெரிந்தது. வரிசையில் நிற்காமல், யாருக்கும் வணக்கம் சொல்லாமல், நேராகப் பின்கதவு வழியாக வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் வந்த டெஸ்ஸா கதவருகே நின்றுவிட்டாள். அவள் அம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் தார்ப்பாயும் இரண்டு தலைகளும் தெரிந்தன. குரல் கேட்கவில்லை. கேண்டிஸின் கை ஒருமுறை உயர்ந்து இறங்கியது. டுவேன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். ஹால் பக்கம் கை காட்டி ஏதோ சொன்னான். கேண்டிஸ் அங்கே கிடந்த சீட்டு ஒன்றை எடுத்து, எண்ணெய் டின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தாள்.

டுவேன் பக்கவாசல் வழியாக ஓடி வந்தான்.

ஓடித்தான் வந்தான். ஏப்ரனோடு, மூச்சிரைக்க. சாலட் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்து நின்றான்.

"படிவத்தை எடு."

"என்ன?"

"எடு சீக்கிரம். போடறேன். நீ கேட்ட மாதிரியே. அவங்கவங்க கடன் அவங்கவங்களுக்கு."

நடீன் அசையவில்லை. "எதுக்கு?"

"கேண்டிஸ் வந்து ஒரு கேள்வி கேப்பா. மாசம் இருநூறு டாலர் வந்துச்சான்னு. வந்துச்சுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"எந்த இருநூறு?"

அவன் பல்லைக் கடித்தான். "அவ என்கிட்ட குடுப்பா. கடனுக்குன்னு."

"எத்தனை நாளா?"

"ஒன்பது வருஷம்."

நடீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது ஒரு மாதிரிச் சிரிப்பு.

"அவ கிட்டயும் என் பேரைச் சொல்லியே வாங்கியிருக்கே."

"இப்ப அதைப் பேசற நேரமா?"

"எங்க போச்சு அந்தப் பணம்?"

"உனக்கு எதுக்கு அது? உனக்கு வேண்டியது கையெழுத்து. வேணுமா வேண்டாமா? வீடு அவ பேர்ல இருக்கு நடீன். கடை லோனுக்கு அந்த வீட்டைத்தான் காட்டியிருக்கேன். புரியுதா?"

புரிந்தது. அவன் இப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. கல்யாணம் வேண்டுமென்று கேட்டபோதுகூட இவ்வளவு இல்லை.

"முதல்ல கையெழுத்து" என்றாள்.

கிண்ணங்களைத் தள்ளி இடம் செய்தாள். அவன் போட்டான். பெயர், பிறந்த தேதி, கையெழுத்து. கட்டைவிரல் பட்ட இடத்தில் எண்ணெய் ஊறியது. நடீன் ஒவ்வொரு கட்டமாகச் சரி பார்த்தாள்.

"இந்தப் பக்கம் தேதி."

"ஐயோ, இதுவுமா?"

"தேதி."

போட்டான். அவள் இரண்டு படிவங்களையும் உறையில் வைத்து, உறையைக் கைப்பையில் வைத்தாள். பதினொரு வருடம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒரு வார்த்தை" என்றான் டுவேன். "ஆமான்னு ஒரு வார்த்தை."

பின்கதவு திறந்தது.

*

கேண்டிஸ் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒன்பது வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசியது நாலைந்து தடவை இருக்கும். எல்லாம் நாயை விட்டுப் போகும்போது, வாசலில், நாயைப் பற்றி. அந்த நாய்கூட இப்போது இல்லை.

"நேரா கேக்கறேன். மாசா மாசம் டுவேன் உங்களுக்கு இருநூறு டாலர் குடுத்தாரா?"

டுவேன் நாப்கின்களை அடுக்குவது போல நின்றான். டெஸ்ஸா கதவருகே நின்றாள். வரிசையில் முன்னால் நின்ற தம்பதி தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

"குடுத்தான்" என்றாள் நடீன்.

எளிதாக வந்தது. உப்பு இருக்கிறதா என்று கேட்டால் சொல்வது போல.

டுவேன் மூச்சை விட்டான். டெஸ்ஸா அம்மாவையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது என்ன என்று நடீன் பார்க்க விரும்பவில்லை.

"ரொக்கமாவா?"

"ரொக்கமா."

"ஒன்பது வருஷமும்?"

"ஆமா."

கேண்டிஸ் தலையசைத்தாள். "சரி. நல்லது. என் மேலதான் தப்பு." கையிலிருந்த காகிதத்தை சாலட் கிண்ணங்களுக்கு நடுவே வைத்தாள். பேனாவை மூடி கழற்றி அதன்மேல் வைத்தாள். "அப்ப இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. எனக்கும் ஒரு ஆதாரம் வேணும் பாருங்க."

மீன் ஆர்டர் எழுதும் சீட்டின் பின்பக்கம். கேண்டிஸின் எழுத்து குண்டு குண்டாகப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து போல இருந்தது.

'கல்லூரிக் கடனில் டுவேனின் பங்காக, ஒன்பது வருடம், மாதம் இருநூறு டாலர், அவரிடமிருந்து முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்.'

நடீன் படித்தாள். பேனாவை எடுத்தாள்.

"போடு" என்றான் டுவேன், உதட்டை அசைக்காமல்.

பொய் சொல்வதில் அவளுக்குப் பெரிய சங்கடம் எதுவும் இல்லை. கேண்டிஸ் அவளுக்கு என்ன, அக்காவா தங்கையா? இந்தப் பெண் ஏமாந்தால் இவள் பாடு. கைப்பையில் உறை இருக்கிறது. ஜூன் முப்பதுக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு கோடு இழுத்தால் போதும்.

அவள் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.

'டுவேனின் பங்காக.' 'முழுமையாக.'

குளிர்காலக் கோட்டு வாங்காத மூன்று வருடங்கள் அவளுக்கு நினைவு வந்தன. டெஸ்ஸாவின் பல் கம்பியைத் தவணையில் கட்டியது. சனிக்கிழமைகளில் ஏரிக்கரை விடுதிகளின் நீச்சல் குளத் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்துச் சம்பாதித்தது. அதெல்லாம் இனி டுவேன் கட்டிய பணம். அவன் யோக்கியன். பாதியைக் கொடுத்தவன். அப்படி அவள் கையாலேயே எழுதித் தர வேண்டும்.

வாயால் சொன்னது வேறு. இதை எழுத முடியாது.

அவள் பேனாவை மூடினாள்.

"குடுக்கலை" என்றாள்.

"என்ன?"

"ஒரு டாலர்கூடக் குடுக்கலை. பதினோரு வருஷமா முழுசா கட்டினது நான். ஒவ்வொரு மாசமும் நான்."

"நடீன்!" டுவேனின் குரல் ஹாலின் கடைசி மேஜை வரை கேட்டது.

"இப்பத்தானே குடுத்தான்னீங்க?" என்றாள் கேண்டிஸ்.

"அப்படிச் சொல்லணும்னு சொல்லித்தான் இப்ப எனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தான். எனக்கு அது வேணும். அதனால சொன்னேன். உன் மேல இரக்கப்பட்டு உண்மை சொல்லலை, தெரிஞ்சுக்கோ. அவன் கட்டினான்னு என் கையால எழுத முடியலை. அவ்வளவுதான்."

கேண்டிஸ் சீட்டை எடுத்து நாலாக மடித்தாள். ஒற்றை எழுத்தோடு. அவள் முகம் வெளுத்திருந்தது.

டுவேன் நடீன் பக்கம் திரும்பினான். இப்போது கெஞ்சல் எதுவும் இல்லை.

"பேசினது பேசினபடி நடக்கலைல்ல? அந்தக் கையெழுத்து செல்லாது. திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஆபீஸ் திறந்ததும் முதல் போன் என்னுதுதான். மிரட்டி வாங்கிட்டாள்னு சொல்வேன். வாபஸ்னு சொல்வேன். நீ ஜூலைல கம்பெனிக்காரனுக்குச் சலாம் போட்டுக்கிட்டே நானூத்திப் பத்து கட்டு. சாகற வரைக்கும் கட்டு."

நடீனின் கை பையின்மேல் போயிற்று. ஒரு நிமிடம் முன்புவரை எல்லாம் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு கோடு இழுத்திருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

"அம்மா" என்றாள் டெஸ்ஸா. கதவருகிலிருந்து வந்து மேஜையின் இந்தப் பக்கம், அம்மாவுக்கு அருகில் நின்றாள்.

"நீயுமா?" என்றான் டுவேன். "திங்கக்கிழமை கடைக்கு வராதே."

"சரிப்பா."

கேண்டிஸ் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தாள். பேனாவை நடீனிடமிருந்து வாங்கி அதற்குப் பக்கத்தில் செருகினாள். பிறகு கணவனைப் பார்த்துப் பேசினாள். பல் நாற்காலியில் படுத்திருப்பவரிடம் பேசுவது போல மெதுவாக.

"பண்ணு டுவேன். எட்டு மணிக்கு நீ அவங்களுக்குப் போன் பண்ணு. அதே எட்டு மணிக்கு நான் வக்கீலுக்குப் போன் பண்றேன். வீட்டைப் பத்திப் பேசணும். இருபத்தோராயிரத்து அறுநூறைப் பத்தியும் பேசணும். நீ போனை எடுக்காம இருந்தா நானும் எடுக்காம இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். ரெண்டு நாள் இருக்கு, யோசி."

வெளியே தார்ப்பாய்க்குக் கீழிருந்து யாரோ கத்தினார்கள்.

"டுவேன்! மீன் கருகுது!"

அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மூன்று பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். யாரிடம் முதலில் ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நடீன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு கரண்டியை எடுத்து, தட்டோடு காத்திருந்தவரின் கிண்ணத்தை நிரப்பினாள். பாதி மேஜையில் கொட்டியது.